கைக்கெட்டும் விலையில் ஹாலோ பாடி எலெக்ட்ரிக் கிட்டார்: தேர்ந்தெடுப்பது முதல் சுதி சேர்ப்பது வரை

ஹாலோ பாடி, அதாவது உள்ளே வெற்றிடமான உடல் கொண்ட கிட்டார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கடைக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணால் முடிவு செய்துவிடுகிறார்கள். அகலமான உடல், வயலினில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள், ஓரம் முழுக்க வெள்ளைப் பட்டை, தேன் நிறப் பூச்சு. நானும் அப்படித்தான் விழுந்தேன். வாங்கிய முதல் மாதத்திலேயே ஒரு சிறிய அரங்கில், டிரம்ஸ் வாசிப்பவருக்கு மிக அருகில் நின்று வாசிக்க வேண்டி வந்தது. இரண்டாவது பாட்டில் கிட்டார் ஊளையிடத் தொடங்கியது. நிகழ்ச்சி முடியும்வரை ஒரு கையால் கம்பிகளை அமுக்கிக்கொண்டே மறு கையால் வாசிப்பதுபோல் பாவனை செய்தேன். கிட்டாரில் ஒரு குறையும் இல்லை. அந்த மேடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனது என் தவறு.

அதனால் இந்த வழிகாட்டி விலையிலிருந்து தொடங்கவில்லை. விலைக்குப் பிறகு வருகிறேன்.

படி 1: எவ்வளவு சத்தத்துக்கு நடுவே வாசிக்கப் போகிறீர்கள்?

சாலிட் பாடி கிட்டார் என்பது கெட்டியான மரப்பலகை. கம்பி அதிர்வதை, அதன் கீழே இருக்கும் காந்தச் சுருளான பிக்கப் உணர்ந்து, ஒலியைப் பெரிதாக்கும் ஆம்புக்கு அனுப்புகிறது. பலகை கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. ஹாலோ பாடியில் கம்பி அதிரும்போது மேல்பலகையும் சேர்ந்து அதிர்கிறது, உள்ளே இருக்கும் காற்றும் அதிர்கிறது. ஸ்வரம் பட்டென்று மலர்ந்து சீக்கிரம் அடங்குவதற்கும், அதில் மரத்தின் வாசனை வீசுவதற்கும் இதுவே காரணம்.

ஊளைக்கும் இதுவே காரணம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மேல்பலகையில் மோதி அதை அதிரவைக்கிறது. பலகை, கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வழியாகக் கம்பியை அதிரவைக்கிறது. பிக்கப் அதையும் எடுத்து ஆம்புக்கு அனுப்புகிறது. ஆம்ப் இன்னும் பெரிதாக்கித் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுழற்சி ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் வேகமாக வளரும். என் கிட்டாரில் அது ஆறாவது கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு), அதாவது 110 ஹெர்ட்ஸ். உங்களுடையதில் சற்று முன்பின் இருக்கலாம். ஆனால் உடல் பெரிதாக இருக்கும் கிட்டார்களில் சிக்கல் பெரும்பாலும் இந்தக் கீழ் ஸ்வரங்களில்தான் வரும்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தனியாக, அல்லது ஒரு பாடகருடன் சிறிய அறையில் வாசிப்பீர்களா? அப்படியானால் எந்த ஹாலோ பாடியும் சரி, எவ்வளவு பெரிதானாலும் சரி. பிரஷ் வைத்து மெதுவாக வாசிக்கும் டிரம்ஸுடன் மூன்று நான்கு பேர் குழுவா? ஹாலோ பாடி தாங்கும்; கொஞ்சம் கவனம் வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு, பெரிய ஆம்புக்கு முன்னால் நின்று ராக் வாசிப்பீர்களா? முழு ஹாலோவை மறந்துவிட்டு, அடுத்த படியில் வரும் செமி ஹாலோவைப் பாருங்கள்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. யெஸ் என்ற ராக் குழுவின் ஸ்டீவ் ஹோவ், கிப்சன் நிறுவனத்தின் பருமனான முழு ஹாலோவான இஎஸ்-175ஐ வைத்துக்கொண்டு ராக் மேடைகளில் வாசித்தவர். புளூஸ் கலைஞர் பி.பி. கிங் ஊளையை அடக்க எஃப் துளைகளுக்குள் துணியைத் திணித்து வாசித்தார். பிறகு 1980இல் கிப்சன் அவர் பெயரால் வெளியிட்ட லூசில் மாடலில் எஃப் துளைகளே இல்லை. அத்தனை அனுபவமுள்ள கையே துளையை அடைக்க வேண்டியிருந்தது என்றால் புதிதாக வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

படி 2: ஒன்றுபோலத் தோன்றும் உடல்களைப் பிரித்து அறிதல்

கடைச் சுவரில் தொங்கும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதலாவது, பருமனான முழு ஹாலோ. இதன் வேர் மின்சாரத்துக்கு முந்தையது. பெரிய பித்தளை வாத்தியக் குழுக்களுக்கு நடுவே கிட்டார் காதில் விழவேண்டும் என்பதற்காக, வயலின்போல் மேல்பலகையை வளைத்துச் செதுக்கி எஃப் துளை வைத்தார்கள். கிப்சன் 1922இல் வெளியிட்ட எல்-5 அப்படிப் பிறந்தது. அப்போதும் சத்தம் போதவில்லை. 1936இல் அதே வகை உடலில் பிக்கப் வைத்து இஎஸ்-150 வந்தது. ஆம்பும் சேர்த்துச் சுமார் 150 டாலர் விலை; பெயரில் இருக்கும் எண் அதைத்தான் சொல்கிறது. இஎஸ் என்பது எலெக்ட்ரிக் ஸ்பானிஷ். மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் அப்போது பிரபலமாக இருந்ததால், நிமிர்த்திப் பிடித்து வாசிப்பதை ஸ்பானிஷ் என்று பிரித்துச் சொன்னார்கள். 1939இல் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் இந்தக் கிட்டாரில் சாக்ஸபோன்போலத் தனி வாசிப்பு வாசித்துக் காட்டினார். 1942இல், 25 வயதில், இறந்துபோனார். இன்று ஜாஸ் கிட்டார் என்று காதில் விழுவதில் பெரும்பகுதி அந்த மூன்றாண்டுகளிலிருந்து கிளைத்தது.

இரண்டாவது, மெல்லிய முழு ஹாலோ. உடலின் பருமன் பாதியாகக் குறைந்திருக்கும். உள்ளே வெறும் காற்றுதான். இதற்கு எடுத்துக்காட்டு எபிஃபோன் 1961இல் கொண்டுவந்த கசினோ. பீட்டில்ஸ் குழுவில் மூவர் இதை வைத்திருந்தார்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடி நிகழ்ச்சியில் ஜான் லெனன் கையில் இருந்ததும், பூச்சைச் சுரண்டி எடுத்த ஒரு கசினோதான்.

மூன்றாவது, செமி ஹாலோ. 1958இல் கிப்சன் இஎஸ்-335ஐ வெளியிட்டபோது மெல்லிய உடலின் நடுவே, கழுத்திலிருந்து அடிவரை, கெட்டியான மரக்கட்டை ஒன்றை ஓட்டியது. இரண்டு இறக்கைகள் மட்டும் வெற்றிடம். ஊளை வெகுவாகக் குறைந்தது. ஸ்வரம் நீண்டு நின்றது.

வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாறுவது இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொண்டுதான். கசினோவும் 335 வகையும் முன்னால் பார்த்தால் அண்ணன் தம்பி. விற்பவர்களுக்கே பல நேரம் வித்தியாசம் தெரிவதில்லை. கைபேசி விளக்கை எஃப் துளைக்குள் காட்டுங்கள். நடுவில் மரச்சுவர் தெரிந்தால் செமி ஹாலோ. எதிர்ப்பக்கத் துளையின் வெளிச்சம் தெரிந்தால் முழு ஹாலோ. பத்து விநாடி வேலை. கழுத்தையும் பாருங்கள்: கசினோவில் கழுத்து 16ஆவது ஃப்ரெட் அருகிலேயே உடலுக்குள் நுழைந்துவிடும். மேல் ஸ்வரங்களில் அதிகம் திரிபவர்களுக்கு விரல் முட்டும்.

படி 3: ஒட்டுப்பலகை என்று முகம் சுளிக்காதீர்கள்

விலை குறைந்த ஹாலோ பாடிகள் எல்லாமே ஒட்டுப்பலகையில் செய்தவை. மெல்லிய மேப்பிள் அல்லது வேறு மரத் தகடுகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைக்கிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டார் உலகிலிருந்து வருகிறவர்களுக்கு இது இழிவாகப் படும். முழு மரம்தானே உயர்ந்தது என்பார்கள்.

மின்சார ஹாலோ பாடியில் அந்தக் கணக்கு செல்லாது. ஜாஸ் உலகில் அதிகம் வாசிக்கப்பட்ட கிட்டார்களில் ஒன்றான கிப்சன் இஎஸ்-175 1949இல் வந்தபோதே அதன் மேல்பலகை ஒட்டிய மேப்பிள்தான். ஜோ பாஸ், ஜிம் ஹால் ஆகியோரின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் ஒலி அது. ஒட்டுப்பலகை விறைப்பாக இருப்பதால் செதுக்கிய மரம்போல் எளிதில் அதிர்வதில்லை. ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது அது குறை. ஆம்பில் மாட்டியதும் அதே விறைப்பு ஊளையைத் தள்ளிவைக்கிறது.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கும் இது பொருந்தும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரம் மிகுந்த காற்று. வீட்டுக்குள் ஏசி போட்டால் உலர்ந்த காற்று. கிட்டார் இரண்டுக்கும் நடுவே தினமும் போய்வருகிறது. செதுக்கிய முழு மரப்பலகை இதில் உப்பும், சுருங்கும், சில நேரம் பிளக்கும். ஒட்டுப்பலகையில் தகடுகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அவ்வளவு அசையாது. இந்த விலையில் முழு மரம் என்று யாராவது விற்றால், எனக்கு ஆசையைவிடச் சந்தேகமே முதலில் வரும்.

ஆகவே மரத்தின் பெயரைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். அந்தக் கவனத்தைக் கழுத்துக்கும் ஃப்ரெட்டுகளுக்கும் கொடுங்கள்.

படி 4: பிக்கப்

மூன்று குடும்பங்களைத் தெரிந்திருந்தால் போதும். பி-90 என்பது ஒற்றைச் சுருள் பிக்கப். கரகரப்பும் தெளிவும் உள்ள குரல். டியூப்லைட், டிம்மர் அருகே போனால் உறுமும். ஹம்பக்கர் இரட்டைச் சுருள். கிப்சனின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பெயருக்கேற்ப உறுமலை விழுங்கிவிடும், குரல் சற்றுத் தடித்து உருண்டிருக்கும். ஃபில்டர்ட்ரானை ரே பட்ஸ் உருவாக்கினார்; 1950களின் பிற்பகுதியில் அது கிரெட்ஷ் கிட்டார்களுக்கு வந்தது. அதுவும் இரட்டைச் சுருள்தான், ஆனால் மணியடிப்பதுபோல் மேல் ஸ்வரங்கள் துலங்கும். செட் அட்கின்ஸ், பின்னாளில் பிரையன் செட்ஸர் ஆகியோரின் ஒலி அதில் இருக்கிறது.

ஜாஸுக்கு ஹம்பக்கர், ராக்கபில்லிக்கு ஃபில்டர்ட்ரான், பழைய புளூஸுக்கு பி-90 என்று சொல்வார்கள். அடிப்படையில் சரி. ஆனால் வீட்டு மின்வயரிங் பழையதாக இருந்து எர்த் சரியில்லாமல் இருந்தால் பி-90 உங்களைப் பைத்தியமாக்கிவிடும். வாங்கும்முன் அதை யோசியுங்கள். பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து மலிவானதை வாங்க வேண்டாம். காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன்.

படி 5: பணத்தைப் பிரித்தல்

கையில் 100 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டாருக்கு 75 ரூபாய்க்கு மேல் போக வேண்டாம். 10 ரூபாய் உறைக்கு. ஹாலோ பாடியின் பருமனுக்குச் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார் பை பொருந்தாது, கடையில் இலவசமாகத் தரும் மெல்லிய பை எதையும் காக்காது. 10 ரூபாய் நல்ல கைவினைஞரிடம் செட்டப் செய்ய, அதாவது கழுத்து, கம்பி உயரம், சுதி ஆகியவற்றைச் சரிசெய்ய. மீதி 5 கம்பிகளுக்கு. விலை குறைந்த கிட்டாரை வாங்கி நன்றாகச் சரிசெய்தால் அது, அப்படியே எடுத்து வந்த விலை உயர்ந்த கிட்டாரைவிட நன்றாக வாசிக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விலை ஏறும் வரிசையில் சில பெயர்கள்:

ஐபனேஸின் ஆர்ட்கோர் வரிசை 2002இல் தொடங்கியது. அதன் அடித்தட்டில் பருமனான முழு ஹாலோவாக ஏஎஃப்55, செமி ஹாலோவாக ஏஎஸ்53 கிடைக்கின்றன. பளபளப்பில்லாத மங்கலான பூச்சு, எளிமையான உடை. முதல் ஹாலோ பாடிக்கு நான் தயங்காமல் சொல்வது ஏஎஃப்55. ஒரு படி மேலே போனால் ஏஎஃப்75, ஏஎஸ்73. உடல் பெரிதாக இருந்தால் தோள் வலிக்கும் என்பவர்கள் அளவில் சிறிய ஏஜி75ஐ மடியில் வைத்துப் பார்க்கலாம். பெரிய உடலின் மேல் கையைப் போட்டு வாசிப்பது சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு உண்மையிலேயே சிரமம். கடையில் ஐந்து நிமிடத்தில் தெரியாது, அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியும்.

கிரெட்ஷின் ஸ்ட்ரீம்லைனர் வரிசையில் ஜி2420 முழு ஹாலோ. ஜி2622 நடுக்கட்டை உள்ளது. அதற்கு மேல் எலெக்ட்ரோமேட்டிக் வரிசையில் ஜி5420டி. கடைசி எழுத்தான டி, பிக்ஸ்பி என்ற, சுதியை அலையவைக்கும் கைப்பிடி இருப்பதைக் குறிக்கும். பார்க்க அழகு. ஆனால் அதில் கம்பி மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும். மலிவான நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து போகும் சின்னப் பட்டை) கம்பி சிக்கிச் சுதி கலையும். அந்த அலையும் ஒலி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

எபிஃபோன் கசினோவின் விலை இவற்றுக்கு நடுவிலும் சற்று மேலும். எபிஃபோனின் 335 வகைகள் செமி ஹாலோ. இன்னும் கொஞ்சம் கை நீளுமானால் கனடாவின் கோடின் செய்யும் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின். கனடாவின் காட்டுச் செர்ரி மரத்தை ஒட்டிச் செய்த உடல், பி-90 பிக்கப், அலங்காரம் ஏதுமில்லை. அக்கூஸ்டிக்காக வாசித்தாலும் கேட்கத் தகுந்த ஒலி தருவது இந்தப் பட்டியலில் அது ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைத்தால் மலிவு என்று தோன்றும். ஹாலோ பாடிப் பெட்டி எடையில் குறைவு, அளவில் பெரிது. அனுப்புச் செலவை அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சுங்க வரியையும் சேர்த்த பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள்.

படி 6: கடையில் சோதிப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் கேளுங்கள். இந்த விலையில் ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபடும்.

ஆம்பில் மாட்டாமல் தொடங்குங்கள். கடைக்காரர் உடனே கேபிளை நீட்டுவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆம்ப் பல குறைகளை மறைக்கும். முதலில் உடலின் மேலும் பின்னும் விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோலத்தான். உள்ளே ஏதாவது கடகடத்தால் தாங்கு சட்டம் ஒட்டு விட்டிருக்கலாம், வயர் தளர்ந்து உடலில் மோதலாம், கீறல் விழாமல் காக்கும் தகடான பிக்கார்டின் திருகு தளர்ந்திருக்கலாம். கடைசி இரண்டும் சின்ன விஷயம். முதலாவது என்றால் கிட்டாரைக் கீழே வையுங்கள்.

அடுத்தது ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு ஸ்வரமாக, ஒரே அழுத்தத்தில் வாசியுங்கள். சலிப்பான வேலை, கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பரவாயில்லை. எங்கே ஸ்வரம் செத்து விழுகிறது, எங்கே ரீங்காரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் ஸ்வரம் சீக்கிரம் அடங்குவது ஹாலோ பாடியின் இயல்பு, அது உடலின் சொந்த ஒத்ததிர்வு. ஒரே ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளும் ரீங்கரித்தால் ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது.

கழுத்தின் வளைவைப் பார்க்க, ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே ஏழாவது ஃப்ரெட் அருகில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. அதிகம் இருந்தாலும், இல்லவே இல்லாவிட்டாலும் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். ராட் அசையவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

ஃபிங்கர்போர்டின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கிழிப்பதுபோல் இருந்தால் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. தேய்த்துச் சரிசெய்யலாம், அதற்கான கூலியை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பிரிட்ஜைப் பாருங்கள். பல முழு ஹாலோக்களில் பிரிட்ஜ் மேல்பலகையில் திருகப்பட்டிருக்காது. கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கும். அதன் உயரத்தை மாற்றும் இரண்டு சக்கரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது ஒரு முக்கியமான செய்தி. சக்கரங்கள் அடியில் முட்டிக்கொண்டிருக்க, கம்பிகள் இன்னும் உயரத்தில் இருந்தால் கழுத்து மேல்நோக்கி எழுந்துவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையைத் தொடும். சக்கரம் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் திருப்ப இடம் இருக்கிறது, நிம்மதி.

இப்போது ஆம்பில் மாட்டுங்கள். வால்யூம், டோன் குமிழ்களை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு இருக்கிறதா? பிக்கப் மாற்றும் சுவிட்சை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஜாக்கில் செருகிய கேபிளை மெல்ல அசையுங்கள். ஒலி விட்டு விட்டு வருகிறதா? சாலிட் பாடியில் இவை அற்பக் குறைகள். ஹாலோ பாடியில் அப்படி இல்லை. சாலிட் பாடியின் பின்னால் ஒரு மூடி இருக்கும், திறந்து வேலை செய்யலாம். பெரும்பாலான முழு ஹாலோக்களில் மூடி கிடையாது. குமிழ், சுவிட்ச், ஜாக் எல்லாவற்றையும் நூலில் கட்டி, எஃப் துளை வழியே வெளியே இழுத்து, சால்டர் செய்து, மறுபடி நூலைப் பிடித்துத் துளைக்குள் இறக்கி இடத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு வால்யூம் குமிழை மாற்ற ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டேன். இதனால்தான் பிக்கப்பையும் மின்பாகங்களையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம் என்றேன்.

கடைசியாக, நீங்கள் மேடையில் வைக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டி, ஆம்பைப் பார்த்து நின்று, வாசிக்காமல் கம்பிகளை விட்டுவிடுங்கள். எப்போது ஊளை தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் படிக்கான பதில் இங்கே கிடைக்கும்.

படி 7: பழையது வாங்குவதானால்

நல்ல யோசனை. ஹாலோ பாடியை ஆசைக்கு வாங்கி, ஊளைக்குப் பயந்து விற்பவர்கள் நிறைய. அதிகம் வாசிக்கப்படாத கிட்டார்கள் சந்தைக்கு வருகின்றன. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்துவிட்டு மூன்று இடங்களைக் கூடுதலாகப் பாருங்கள்: தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறம், கழுத்தின் அடி உடலோடு சேரும் இடம், ஜாக் துளையைச் சுற்றிய பக்கவாட்டுப் பலகை.

மூன்றாவது இடத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். பக்கவாட்டுப் பலகை மிக மெல்லியது. யாரோ கேபிளை மிதித்திருக்கிறார்கள், ஜாக் உள்பக்கமாக அழுந்திப் பலகை விரிசல் விட்டிருக்கிறது, விற்றவர் அதன்மேல் அகலமான உலோகத் தகடு வைத்து மறைத்திருந்தார். தகடு அழகாகவே இருந்தது. அந்த மாடலின் படத்தை இணையத்தில் பார்த்து, அசல் கிட்டாரில் இல்லாத தகடு, ஸ்டிக்கர், திருகு எதுவும் கூடுதலாக ஒட்டியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

புதிய கிட்டார்களில் பெரும்பாலும் மெல்லிய 10 அளவுக் கம்பிகள் இருக்கும். முழு ஹாலோவில் அவை சலசலக்கும். 11 அல்லது 12 அளவில் ஃப்ளாட்வவுண்ட் கம்பி போடுங்கள். மேற்பரப்பு வழவழவென்று இருப்பதால் விரல் தேயும் சத்தம் வராது, ஒலி உருண்டு வரும், வியர்வைக் கைகளிலும் மாதக்கணக்கில் உழைக்கும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலக் கம்பி வேண்டவே வேண்டாம். பிக்கப் காந்தத்துக்கு வெண்கலம் சரியாகக் கேட்காது. உங்கள் கிட்டாரில் ஒற்றை மரத்தால் ஆன பிரிட்ஜ் இருந்தால், மூன்றாவது கம்பியும் சுற்றிய கம்பியாக உள்ள செட் வாங்குங்கள். அந்தப் பிரிட்ஜின் படிகள் பெரும்பாலும் அதற்காகவே வெட்டப்பட்டிருக்கும். வெற்றுக் கம்பி போட்டால் மூன்றாவது கம்பி எப்போதும் சுதி விலகும்.

கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். அதற்கு முன்பே பிரிட்ஜின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சில கிரெட்ஷ் மாடல்களில் பிரிட்ஜை ஊசியால் நிறுத்தியிருப்பார்கள். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரிட்ஜ் நகர்ந்துவிட்டால் பதற வேண்டாம். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை அளந்து, அதே தூரத்தை அங்கிருந்து மறுபடி அளந்தால் வரும் இடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் பிரிட்ஜை வையுங்கள். 24.75 அங்குல அளவுள்ள கிட்டாரில் முதல் தூரம் சுமார் 314 மில்லிமீட்டர். பிறகு டியூனரை மாட்டி, முதல் கம்பியில் 12ஆவது ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டு எழும் ஹார்மோனிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நட்டை நோக்கி நகர்த்துங்கள். கம்பியைச் சற்றுத் தளர்த்திய பிறகே நகர்த்த வேண்டும், இல்லையேல் பூச்சில் கீறல் விழும். ஆறாவது கம்பிக்கும் இதையே செய்யுங்கள். பிரிட்ஜ் சற்றுச் சாய்ந்து நிற்கும்; அது சரிதான்.

கம்பி உயரம் 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு 1.5 என்று தொடங்கி விரலுக்கேற்ப மாற்றுங்கள்.

படி 9: மேடைக்குப் போகும்முன்

ஆம்புக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். ஆம்பைத் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்கு ஏற்றினால் உங்கள் காதுக்குக் கேட்கும், ஒலியைக் கூட்டத் தேவைப்படாது. பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே வையுங்கள். உங்கள் கிட்டார் எந்த ஸ்வரத்தில் ஊளையிடுகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்து, ஈக்வலைசரில் அந்த ஹெர்ட்ஸை மட்டும் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மசியவில்லை என்றால் எஃப் துளைகளை மூடுங்கள். இதற்கென்றே ரப்பர் மூடிகள் விற்கிறார்கள். அவசரத்துக்கு உள்ளே ஸ்பாஞ்சை வெட்டிச் செருகலாம். பெரிதாக வெட்டுங்கள், உள்ளே விழுந்துவிட்டால் எடுப்பது, குமிழ் மாற்றுவதைவிட மோசமான ஞாயிற்றுக்கிழமை.

கேபிளைத் தோள்பட்டை வாருக்குள் ஒருமுறை சுற்றிவிட்டு ஜாக்கில் செருகுங்கள். யாராவது மிதித்தால் இழுப்பு வாரோடு நிற்கும், பலகைக்கு வராது. ஜாக்கின் வெளி நட் தளர்கிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்தால் அன்றே ஸ்பேனரால் இறுக்குங்கள், ஜாக் உள்ளே விழும்வரை காத்திருக்க வேண்டாம். புதிய கம்பிகள் இரண்டு வாரத்தில் இழுவை அடங்கி நிலைக்கும். அப்போது 12ஆவது ஃப்ரெட்டில் சுதியை மறுபடி சரிபார்த்துவிட்டு, பிரிட்ஜின் பக்கத்து மாஸ்கிங் டேப்பை மெதுவாக உரித்துவிடலாம்.